தெரிந்ததை மட்டும் கேட்டவர்

சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். பெருங்காய வாசம் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வரும். எங்களோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் அண்டாவுக்கு முன்னால் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்னம்மா, இன்னைக்குச் சாம்பாரா?" என்று கேட்பார்.

"ஆமா சார்" என்பார் சமையல்காரம்மா. சார் அந்தப் பக்கம் போனதும் எங்களைப் பார்த்து, "கண்ணு முன்னாடி கொதிக்குது. இதையும் ஒரு கேள்வின்னு கேட்டுட்டுப் போறாரு பாரு" என்பார்.

நான் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பேன். "டீச்சர், சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போவார். சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே ஓடி வருகிற பிள்ளையிடம், "வெளிய மழையாப்பா?" என்பார். ஆரம்பத்தில் இதையெல்லாம் நல்ல சுபாவம் என்றே நினைத்தேன். மனுஷர்களோடு ஒட்டி உறவாடுகிறவர் என்று வீட்டில் போய்ச் சொல்லியும் இருக்கிறேன். அவருடைய மொத்த வித்தையும் அதுதான் என்பது புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அவரை எல்லோரும் மாடல் சார் என்று கூப்பிட்டார்கள். வட்டாரத்தில் எந்த அதிகாரி வந்தாலும், எந்தக் குழு வந்தாலும், மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுவது அவர்தான். பள்ளி, சின்னாளப்பட்டியைத் தாண்டி நிலக்கோட்டைப் பக்கம் போகிற வழியில், உள்ளடங்கிய ஒரு ஊரில் இருந்தது. பாதி வீடுகளில் பூந்தோட்ட வேலை. மீதி வீடுகளில் தறி, இல்லையென்றால் மில். அவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். நான் ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் எடுக்கப் புதிதாகப் போயிருந்தேன். பதினோரு வருஷமாகிறது.

முதல் நாள் அவருடைய வகுப்பைப் பார்த்து நான் வாயடைத்து நின்றது உண்மை. சுவர் முழுக்கப் படங்கள். குறுக்கே நூல் கட்டி, அதில் துணி மாட்டும் கிளிப்பு போட்டுத் தொங்கவிட்ட அட்டைகள். பிள்ளைகள் வட்டம் வட்டமாக மூன்று பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பிரம்பு கிடையாது. அதட்டல் கிடையாது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்றால் நாற்பது தலையும் ஒரே திசையில் இருக்கும். பின்வரிசைப் பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே ஒருவர் பிள்ளைக்குத் தக்கபடி பாடத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்!

"ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ரகம் டீச்சர்" என்றார். "எல்லாருக்கும் ஒரே சட்டை தைச்சா, ஒருத்தனுக்கு முட்டி வரைக்கும் தொங்கும், ஒருத்தனுக்குத் தொப்புள் தெரியும். நான் அளவெடுத்துத் தைக்கிறவன்."

"எப்படி சார் அளவெடுப்பீங்க?"

"ஒரு தடவை பாத்தாப் போதும். கண்ணே சொல்லிரும்."

அந்தக் கண்தான் வினை. ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒரு பார்வை பார்ப்பார். மூன்று பாயில் பிரித்து உட்கார வைப்பார். அதோடு சரி. ஏப்ரலில் பள்ளி முடிகிறவரைக்கும் ஒரு பிள்ளையும் பாய் மாறியதாக நான் பார்த்ததில்லை.

மூன்று கூட்டத்துக்கும் பூப்பெயர் வைத்திருந்தார். மல்லிகை, சம்பங்கி, அரளி. பூவில் உசத்தி தாழ்த்தி இல்லை, அதனால் பிள்ளைகள் மனசு நோகாது என்பது அவருடைய விளக்கம். பயிற்சிக் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது கண் கலங்குவார். கலங்குகிற இடம் எப்போதும் ஒரே இடம். அந்த ஊர்ப் பிள்ளைகளோ, காலையில் தோட்டத்தில் பூப்பறித்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள். மல்லிகை என்ன விலைக்குப் போகும், அரளி என்ன விலைக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? பெயர் வைத்த அன்று மத்தியானமே மைதானத்தில் சண்டை. "போடீ அரளி வெதை!" என்று ஒருத்தி கத்த, இன்னொருத்தி அவள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "சின்னப் பிள்ளைக டீச்சர். ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."

அவர்கள் மறக்கவில்லை. அவர்தான் மறந்துபோனார்.

ஒவ்வொரு பாய்க்கும் தனித்தனிப் பயிற்சித்தாள் உண்டு. சொந்தச் செலவில் ஒரு லேமினேஷன் மெஷின் வாங்கி வைத்திருந்தார். எல்லாத் தாளையும் அதில் விட்டுப் பளபளவென்று எடுப்பார். கீறல் விழும் என்று யாரையும் எழுதவிட மாட்டார். பீரோவில் அடுக்கிப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். குழு வருகிற அன்றைக்கு அவை வெளியே வரும். மற்ற நாளில் மல்லிகைப் பாய் புத்தகத்தைப் பார்த்து எழுதும். சம்பங்கிப் பாய் மல்லிகையைப் பார்த்து எழுதும். அரளிப் பாய் கிளிக்கு வர்ணம் தீட்டும். ஐந்தாம் வகுப்பில், பத்து வயதில், ஒரு வருஷம் முழுக்கக் கிளி.

அவர் கேள்வி கேட்கிற அழகைச் சொல்ல வேண்டும். மல்லிகையில் ஒருத்தியைப் பார்த்து, நேற்று அவளே ஒப்பித்த செய்யுளைக் கேட்பார். அவள் கடகடவென்று சொல்வாள். சம்பங்கியில் ஒருவனிடம் மூன்றாம் வாய்ப்பாடு. அரளியிடம் வந்ததும் குனிந்து, குரலை இளக்கிக்கொண்டு, கிளிப்படத்தைக் காட்டி, "இது என்ன கலர்?" என்பார்.

"பச்சை சார்."

"சூப்பர்! எல்லாரும் ஒரு கிளாப்ஸ் குடுங்க!"

எல்லோரும் தட்டுவார்கள். அந்த வகுப்பில் யாருமே தப்பாகப் பதில் சொன்னது கிடையாது. பார்வையிட வந்தவர்கள் அதைத்தான் வியந்து வியந்து எழுதிவிட்டுப் போனார்கள். தெரியாததைக் கேட்டால்தானே தப்பு வரும்? தப்பு வந்தால்தானே சொல்லிக்கொடுக்க வேண்டிவரும்?

ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் சார்ட் எழுதிக்கொண்டிருந்த சமயம். அதையும் சொல்லிவிடுகிறேன்: என்னையும் அவர் முதல் நாளே அளவெடுத்துவிட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆகவே சார்ட் எழுதுவதற்கு நான். பாடம் நடத்துவது பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. "டீச்சர் கையெழுத்து முத்து" என்பார். நான் முத்து முத்தாக எழுதிக்கொண்டே இருப்பேன்.

"சார், பிள்ளைகளுக்குத் தெரியாததை நீங்க கேக்குறதே இல்லையே?"

அவர் முகம் மாறியது. பிறகு சொன்னார். "நான் எட்டாப்புப் படிக்கையில ஒரு வாத்தியார் ஒரு கணக்குக் கேட்டாரு. தெரியலைன்னேன். வெயில்ல முட்டி போட வச்சாரு. பொம்பளைப் பிள்ளைக எல்லாம் சன்னல்ல இருந்து பாத்துச்சுக. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் டீச்சர். என் வகுப்புல ஒரு பிள்ளை தெரியலைன்னு சொல்லி நிக்கக் கூடாது."

அன்றைக்கு எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இப்போதும் அந்த ஒரு பேச்சை என்னால் கேலி செய்ய முடியவில்லை. அடிக்காத வாத்தியார் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். பிள்ளைகள் அவரைக் கண்டு பயந்தது இல்லை. ஆனால், முட்டி போட்ட அந்த எட்டாம் வகுப்புப் பையனைக் காப்பாற்றுவதற்காக அவர் இத்தனை பிள்ளைகளின் படிப்பைக் காவு கொடுத்தார் என்பதுதான் நடந்தது.

அந்த வருஷம் அரளிப் பாயில் அமலி என்று ஒரு பிள்ளை. மெலிந்த உடம்பு, பெரிய காது. ஐந்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர்ந்தவள். அவளுடைய அப்பா கோட்டயம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். முதுகு போய்ப் படுத்ததும் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார்கள். அம்மா பக்கத்து நூல் மில்லுக்குப் போனார். சேர்த்த அன்று மாடல் சார் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து அவள்முன் வைத்திருக்கிறார். அவள் திருதிருவென்று முழித்திருக்கிறாள். பதிவேட்டில் 'எழுத்தறியாதவர்' என்று எழுதினார். பாய் முடிவாயிற்று. அவளிடம் கிளியைக் கொடுத்தார்.

தைப்பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம். பாலக்காட்டில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் கொடுத்துவிட்ட நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் ஒன்றை மத்தியானம் பிரித்து, சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அமலி சிப்ஸை வாங்கவில்லை. பாக்கெட்டையே பார்த்தாள்.

"வெளிச்செண்ணையில் வறுத்தது" என்றாள்.

"என்னது?"

"இதுல எழுதிருக்கு டீச்சர். தேங்கா எண்ணெயில பொரிச்சதாம்." விரலை வைத்து அடுத்த வரிக்குப் போனாள். "ஈரம் படாத எடத்துல வைக்கணுமாம். கீழ கம்பெனி அட்ரஸ்."

மலையாளம். நிறுத்தாமல், திக்காமல், செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தாள்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா புள்ள?"

"மூணாப்பு வரைக்கும் அங்கதான் படிச்சேன். க்ளாஸ்ல நாந்தான் ஃபர்ஸ்ட்டு."

"இத ஏன் சார்ட்ட சொல்லல?"

"சார் கேக்கலையே" என்றாள்.

எட்டு மாதம் கிளிக்கு வர்ணம் தீட்டிய பிள்ளை. பேசுவது தமிழ், எழுத்து மட்டும் வேறு. கால் போடுவதும் கொம்பு போடுவதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. யகரமும் ணகரமும் அக்கா தங்கை மாதிரி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினம் அரைமணி என்று உட்கார்ந்தோம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் என்னுடைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, கண்டங்கள் பற்றிய பாடத்தை வாசித்துவிட்டு, "அண்டார்டிகாவுல ஆளே இல்லையா டீச்சர்? அப்ப பள்ளிக்கூடமும் இருக்காது" என்றாள். சொல்லிக்கொடுத்ததில் பெருமைப்பட எனக்கு அதிகம் இல்லை. அவள் ஏற்கெனவே பாதி வழி வந்திருந்தாள்.

மாடல் சாரிடம் போய்ச் சொன்னேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். குறைந்தபட்சம் அந்தப் பிள்ளையைப் பாய் மாற்றி உட்கார வைப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"அருமை டீச்சர்! இம்புட்டு நாளா இப்படி ஒரு பிள்ளையத்தான் தேடிட்டு இருந்தேன். அடுத்த வாரம் வெளி மாவட்டத்துல இருந்து குழு வருது. வீடியோ எடுக்கப் போறாங்க."

"சரி சார். அவளை மல்லிகையில உக்கார வைங்க."

"இல்ல இல்ல. அவ அரளியிலயே இருக்கட்டும். அப்பத்தான் வளர்ச்சியக் காட்ட முடியும்."

மறுநாள் ஒத்திகை ஆரம்பித்தது. சார்ட் ஒட்டப் போனபோது நானே கேட்டேன். அமலியை எதிரே நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மொதல்ல நான் புத்தகத்தைக் காட்டுவேன். நீ, தெரியாது சார்னு சொல்லணும். பெறகு மூணு அட்டை காட்டுவேன். மொத அட்டைக்கு ஒரு எழுத்து. ரெண்டாவதுக்கு ஒரு வார்த்தை. மூணாவது அட்டையில முழு வரியையும் வாசிக்கணும். கடகடன்னு வாசிச்சிராத. எழுத்துக் கூட்டி, தட்டுத் தடுமாறி. புரிஞ்சதா?"

அந்த வகுப்பில் 'தெரியாது' என்ற சொல்லை அவர் அனுமதித்தது அதுதான் முதல் தடவை. அதையும் தெரிந்த பிள்ளையைச் சொல்ல வைத்தார்.

வராந்தாவில் அவரைத் தனியாகப் பிடித்தேன். "சார், தெரிஞ்ச பிள்ளையத் தெரியாதுன்னு சொல்ல வைக்கிறது பொய் இல்லையா?"

"இதுல பொய் என்ன டீச்சர் இருக்கு? ரெண்டு மாசத்துல நடந்ததை நாப்பது நிமிஷத்துல காட்டுறோம். சுருக்கித் தாரோம். அம்புட்டுத்தான்." பிறகு வழக்கமான அந்த இளகிய குரலில், "அட்டை மூணையும் நீங்களே எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்து முத்துல்ல?" என்றார்.

நான் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியரிடம் போயிருக்கலாம். எழுத மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். புதிதாக வந்தவள், எதற்கு வம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூன்று அட்டையையும் வரி கோணாமல் எழுதிக் கொடுத்தேன். அவர் அவற்றை மெஷினில் விட்டுப் பளபளவென்று எடுத்தார்.

குழு வந்தது. ஆறு பேர். ஒருவர் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் பொருத்தினார். நாங்கள் ஆசிரியர்கள் பின்சுவரோரம் நின்றோம். மல்லிகை செய்யுள் சொன்னது. சம்பங்கி வாய்ப்பாடு சொன்னது. மாடல் சார் அரளிப் பாயருகே போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். புத்தகத்தைக் காட்டினார்.

அமலி புத்தகத்தைப் பார்த்தாள். பார்வையை இறக்கினாள். கட்டைவிரலால் பாயைக் கீறினாள். "தெரியாது சார்" என்றாள். குரல் உடைந்தது. யாரும் சொல்லித்தராத உடைசல் அது. குழுவில் இருந்த அம்மா ஒருவர் 'ஐயோ பாவம்' என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

முதல் அட்டை. இரண்டாவது அட்டை. மூன்றாவது அட்டையில் அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். நடுவில் ஒரு சொல்லில் திக்கி நின்றாள். மாடல் சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். அவள் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, வரியை முடித்தாள். அவ்வளவு தத்ரூபமாக ஒரு பிள்ளை முட்டாளாக நடித்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஒன்பது மாதம் அந்தப் பாயில் உட்கார்ந்து பழகியதல்லவா.

அந்த அம்மா எழுந்துபோய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எப்படா கண்ணு வாசிக்கக் கத்துக்கிட்ட?"

"இப்பத்தான் மேடம்" என்றாள் அமலி.

அறையே கைதட்டியது. நானும் தட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். அமலியின் அம்மா முதல் ஷிப்டு முடிந்து, மில் வேனிலிருந்து இறங்கி, நேராகப் பள்ளிக்கு வந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. புடவைக்கு மேலே மில்லில் கொடுக்கிற நீலச் சட்டை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"சார், செத்த நேரம் பேசணும்."

"வாங்கம்மா. வேலை முடிஞ்சு வாரீங்களா?" என்றார் அவர்.

"சார், எம் மக வீட்டுக்கு வந்து, ஆபிசருக எல்லாம் கைதட்டுனாகன்னு சொல்லிச்சு. எதுக்குட்டின்னு கேட்டேன். படிக்கத் தெரியாதுன்னு சொன்னதுக்குன்னு சொல்லிச்சு. பொய் சொல்லியா பாராட்டு வாங்குனன்னு ரெண்டு சாத்து சாத்துனேன். அழுதுட்டு, சாருதான் சொல்லச் சொன்னாகன்னு சொல்லுது. நெசமா?"

மாடல் சார் குரலை இளக்கினார். அரளிப் பாய்க்கென்று வைத்திருந்த அதே குரல். "அம்மா, இது ஒரு முறை. பாடம் நடத்துற முறை. உங்களுக்குச் சொன்னாப் புரியாது. பாப்பா நல்லாப் படிக்கும். சரியா?"

"புரியாதுன்னு எப்படிச் சொல்றீக? நீங்க சொல்லவே இல்லையே." அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "நான் நேத்து அவள அடிச்சேன் சார். அந்த அடி யாருக்குச் சேரணும்?"

அவர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அங்க இருந்தீகளா டீச்சர்?"

"இருந்தேன்."

"ம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அமலியைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். "சார், எனக்கு எழுத்துத் தெரியாது. அவளுக்கு என்ன வரும், என்ன வராதுன்னு என்னால பாக்க முடியாது. நீங்க கேளுங்க. என் முன்னாடி கேளுங்க."

அவர் பீரோவைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார். அமலி ஒரே மூச்சில் வாசித்தாள். இன்னொன்று எடுத்தார். வாசித்தாள். மல்லிகைக்கென்று வைத்திருந்த அட்டையை எடுத்தார். அதையும் வாசித்தாள்.

"இதெல்லாம் அவளுக்குத் தெரியுது. தெரியாததக் கேளுங்க சார். அதைத்தான கத்துக்க வாரா?"

அவர் நின்றார். அட்டைக் கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரட்டினார். ஒரு முழு நிமிஷம். மூன்று பாயும் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளை ஏறக்குறைய ஒரு வருஷம் அவருடைய வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எது தெரியாது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "பாப்பா, உங்க ஊரு பேரு என்ன?" என்றார்.

பின்னால் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "டீச்சர், உங்க வகுப்புல உக்கார வச்சுக்கங்க. தெரியலைன்னா திட்டுங்க. பரவால்ல" என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் அறைக்குப் போனார். தலைமையாசிரியர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. எது அமைதியோ அதைச் செய்வார். மீதி நாட்களுக்கு அமலி என்னுடைய ஆறாம் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். நிறையத் தெரியாது என்று சொன்னாள். சொல்லச் சொல்ல எனக்கும் எவ்வளவு தெரியாது என்பது வெளியே வந்தது. மலைத்தொடர் பற்றி அவள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் வீட்டில் போய்ப் படித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன்.

மாடல் சார் அந்தச் சம்பவத்தைப் பார்வையாளர் பதிவேட்டில் 'பெற்றோர் ஆர்வத்துடன் கலந்துரையாடினார்' என்று எழுதினார். அந்த வீடியோ பல ஊர்களுக்குப் போனது. அவருக்கு விருது கிடைத்தது. சால்வை போட்ட படத்தைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார்கள். மறு வருஷமே பள்ளியை விட்டு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு மாறிப் போனார். ஒரு வகுப்பு தப்பித்தது. வட்டாரம் மாட்டிக்கொண்டது.

சென்ற வருஷம் திண்டுக்கல்லில் மூன்று நாள் பயிற்சி. தலைப்பு: பல்வேறு திறனுள்ள மாணவர்களுக்கேற்பக் கற்பித்தல். மேடையில் அவர். தலைக்குச் சாயம் பூசியிருந்தார். அதே சட்டைக் கதை, அதே இடத்தில் அதே கண்கலக்கம். கேள்விகளும் அதே தரம்: "ஆசிரியர் பணி அறப்பணியா, இல்லையா?" நூறு பேரும் "அறப்பணி" என்றோம்.

பிறகு திரையில் அந்த வீடியோ ஓடியது. அமலி பாயைக் கீறினாள். தெரியாது சார் என்றாள். கடைசியில் கேமரா அறையைச் சுற்றித் திரும்பியபோது, பின்சுவரோரம் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். மெலிந்து, புதுப் புடவையில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தாள். குஜிலியம்பாறைப் பக்கம் வேலை பார்க்கிறவள். "மேடம், அது நீங்களா? அந்தப் பிள்ளை நெசமாவே அன்னைக்குத்தான் படிச்சுச்சா?"

எழுந்து நின்றேன். "சார், அந்தப் பிள்ளைக்கு அதுக்கு முன்னாடியே வாசிக்கத் தெரியும். மூணாம் வகுப்பு வரை மலையாளத்துல படிச்ச பிள்ளை. அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னது ஒத்திகை. அந்த அட்டைகளை எழுதினது நான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். பிறகு புன்னகையோடு கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே இருந்த நான்கு குறிப்புகளுக்குக் கீழே ஐந்தாவதாக 'மாணவரின் முன்னறிவை அறிக' என்று எழுதினார். "டீச்சர் நல்ல கருத்துச் சொன்னாங்க. எல்லாரும் எழுதிக்குங்க. டீ சாப்பிட்டு வரலாம்" என்றார். நூறு பேனாக்கள் எழுதின. பக்கத்து ஆசிரியை மட்டும் நோட்டை மூடி வைத்திருந்தாள்.

டீ மேசையருகே யாரும் என் பக்கம் வரவில்லை. ஓரமாக நின்று குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். கையில் டம்ளர் இருந்தது. குடிக்கவில்லை. கிட்டத்தில் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே சதை தொங்கியிருந்தது. சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்து நானும் தயாராக நின்றேன்.

"அந்தப் பிள்ளை இப்ப என்ன பண்ணுது டீச்சர்?" என்றார்.

அமலி அப்போது கோயமுத்தூரில் நர்சிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் போன் செய்து, மருத்துவமனைக்கு வருகிற மலையாளி நோயாளிகளிடமெல்லாம் தன்னைத்தான் அனுப்புகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேசியிருந்தாள்.

அவர் காத்திருந்தார். டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"தெரியலை சார்" என்றேன். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.